மூன்றாம் லைன்

திரையில் மூன்று புள்ளிக் கூட்டங்கள்தான் தெரிந்தன.

நான்கு தெரிய வேண்டும்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோழி; ஒவ்வொரு நிறமும் ஒரு லைன், ஒரு வம்சம். முதல் லைனுக்கு நீலம். இரண்டாவதற்குப் பச்சை. மூன்றாவதற்குச் சிவப்பு. நான்காவதற்கு மஞ்சள். பச்சையும் மஞ்சளும் தனித்தனியே ஒதுங்கி நின்றன. சிவப்பு மட்டும் நீலத்தின் மேலேயே விழுந்து கிடந்தது.

பார்வைக்கு நான்கு லைனும் ஒரே மாதிரி வெள்ளைக் கோழிகள்தான். முட்டை எடையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கால் நீளத்தை மட்டும் வைத்தும் முடியாது. உடல் எடை, ஓட்டின் கனம், முதல் முட்டையிட்ட வயது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால்தான் எது எந்த வம்சம் என்று பிரிந்து வரும். ஆராய்ச்சி நிலையத்தில் அதுதான் அவள் வேலை.

அளவுகளைச் சரிபார்த்தாள். மறுபடி ஓட்டினாள்.

ரத்தத்திலிருந்து எடுத்த மரபணு விவரங்களையும் சேர்த்து ஓட்டினாள்.

சிவப்பு இன்னும் நன்றாக நீலத்துக்குள் புதைந்தது.

மூன்றாம் லைன் அவள் உருவாக்கியது. வேலையில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது. ஓடு கனமான முட்டை இடுபவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றின் குஞ்சுகளில் மறுபடி பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்த வம்சம். இரண்டு வருஷமாக ஓடு மெலிந்தே இருந்தது. தீவனத்தில் ஏதோ குறை என்று நினைத்திருந்தாள்.

கணினியை அணைக்காமல் எழுந்து போனாள்.

மூன்றாம் லைன் கொட்டகையில் அர்த்தநாரி தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வருவதற்கு முன்பிருந்தே இந்தக் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அடுத்த வருஷம் ஓய்வு.

"இதுல ஒண்ணுகூட மூணாம் லைன் இல்லண்ணா," என்றாள். "எல்லாமே ஒண்ணாம் லைன்."

அவர் குழாயை மூடினார். கைகளை வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பிறகு நடந்ததைச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன், அவள் பிரசவ விடுப்பில் இருந்த கோடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கொட்டகைக்கு வரும் மின்கம்பி எரிந்துபோனது. மின்விசிறிகள் நின்றன. தண்ணீர் நின்றது. அவர் ஒருவர்தான் பணியில் இருந்தார். வாளி வாளியாகத் தூக்கி வந்து ஊற்றினார். மின் ஊழியரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் வாயைப் பிளந்தபடி சாய்ந்துவிட்டன. பெட்டை, சேவல், எல்லாம்.

இறக்கைகளிலிருந்து எண் தகடுகளைக் கழற்றினார். விற்பதற்கென்று பிரித்து வைத்திருந்த முதல் லைன் கோழிகளில் அதே வயதுள்ளவற்றைப் பிடித்து வந்து, அவற்றுக்கு மாட்டிவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லண்ணா?"

"சொல்லோணும்னுதானுங்க இருந்தேன். நீங்க வந்த அன்னிக்கு, சொல்லிப்போடலாம்னு வாசல்லயே நின்னுட்டு இருந்தேன்."

கூண்டுகள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பிள்ளையப் பறிகுடுத்துட்டு வந்து நின்னீங்க மேடம். உங்க கோழியும் போயிருச்சுங்கன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மூன்று நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன பிள்ளை. விடுப்பு இன்னும் மிச்சமிருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. ஆபீஸ் அறைக்குக்கூடப் போகாமல் நேராக இங்கேதான் வந்தாள். கூண்டு கூண்டாக நின்று எண் தகடுகளைப் பார்த்தாள். எல்லா எண்ணும் இருந்தன. இதுகளாவது இருக்கிறதே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பின்னால் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கோழிகள் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி அவளைப் பார்த்தன. தீவன நேரம் நெருங்கியிருந்தது. அவள் ஒன்றன் கொண்டையை விரலால் தொட்டாள். அது கொத்தவில்லை. பழகின கோழி.

"அறிக்கையில இதை எழுதித்தான் ஆகணும்ணா."

"எழுதுங்க. செஞ்சது நாந்தானுங்களே."

அவர் குரலில் பயம் இல்லை. எதையோ இறக்கி வைத்தவர் போல் இருந்தார். குனிந்து வாளியை எடுத்தார்.

"எங்க புதைச்சீங்க?"

வாளியை மறுபடி கீழே வைத்துவிட்டு முன்னால் நடந்தார். கொட்டகைக்குப் பின்னால், வேலியோரம். தரை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. நான்கைந்து பெரிய கற்கள். இடையில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

"சுண்ணாம்பு போட்டுத்தான் மூடினேனுங்க. நாய் நோண்டிறக் கூடாதுன்னு கல்லு வெச்சேன்."

அவள் நின்றாள்.

அர்த்தநாரி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். பிறகு தீவனம் வைக்கப் போய்விட்டார். கொட்டகைக்குள் கோழிகளின் சத்தம் ஏறி, மெல்ல அடங்கியது.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு ஆண்கள் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். தையல்கூடப் பிரிக்கவில்லை. பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் இருவரும் ஒரே வீட்டில் அதைப் பேசாமலே இருந்தார்கள்.

"எந்த இடமுங்க?" என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

"நீ அங்கயே இரு," என்றான். "வண்டி எடுத்துட்டு வந்தர்றேன்."