மாலை போட்ட படம்

பல்கலைக்கழகக் கணினியில் படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கோகிலவாணி, பேராசிரியர் இளவழுதியின் படத்தில் கழுத்து நிறைய மாலையைப் பார்த்தாள். யோசிக்காமல் 'மறைந்தோர்' கோப்புறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

புதுப்படம் திகைத்தது. பக்கத்திலிருந்த பழைய படத்திடம், "அண்ணே, நான் நேத்து விழாவுல எடுத்த படம். என் ஆளு உயிரோடதான் இருக்காரு!" என்றது.

"அப்புறம் மாலை எதுக்கு?"

"பாராட்டித் துணைவேந்தரே போட்டாரு."

"என்ன சொல்லிப் போட்டாரு?"

"இவரை மாதிரி இனி ஒருத்தர் கிடைப்பாரான்னு. கேட்டுட்டு மத்த பேராசிரியர்கள் எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்க."

"தம்பி, உயிரோட இருக்கிற வாத்தியாரைப் பத்தி இந்த வளாகத்துல எவனாவது நல்லதாப் பேசிக் கேட்டிருக்கியா?"

புதுப்படம் தன் மாலையை ஒருமுறை குனிந்து பார்த்தது. பிறகு, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்றது.