பின் சீட்டுக்கு அடியில்

டேங்க் நிரப்பிய நாட்களில் காருக்குள் பெட்ரோல் நாற்றம் அடித்தது. பின் சீட்டில் உட்காரும் மகள் இனியா, பள்ளி போய்ச் சேருமுன் வாந்தி எடுத்தாள்.

"அம்மாவும் மகளும் சேந்து நடிக்கிறீங்க. ஊர்ல வேற எவனும் காரே ஓட்டலயா?" என்றான் அவள் அப்பா தணிகைவேல். மெக்கானிக்கிடம் விடவும் மறுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி வளர்மதி காரை வாசலுக்கு எடுத்துவந்து, கதவுகளைத் திறந்துபோட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டைத் தூக்கினாள். கீழே டேங்குக்குள் இருக்கும் பம்ப்பின் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் கசிந்திருந்தது. மூடியைக் கழற்றினாள். ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது.

தணிகைவேல் சிகரெட்டோடு வந்து குனிந்து பார்த்தான். "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேல?"

"தள்ளிப் போங்க. பத்திக்கும்."

"பத்தட்டும்" என்றான். ஆனால் சட்டென்று பின்னால் நகர்ந்து, சிகரெட்டைச் செருப்பில் தேய்த்து அணைத்தான்.

வளர்மதி அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அவனுக்கும் நாற்றம் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வாங்கி வைத்திருந்த புது வளையத்தைப் போட்டு மூடியை இறுக்கினாள். கசிந்ததைத் துடைத்துக் காயவிட்டு, சீட்டையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டினாள். மாலையில் இனியா பின் சீட்டில் ஏறி, மூச்சை இழுத்துப் பார்த்து, "இப்ப இல்லம்மா" என்றாள்.

"எப்பவும் இல்லன்னுதான நானும் சொன்னேன்?" தணிகைவேல் சாவிக்குக் கை நீட்டினான்.

வளர்மதி டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.

"எறங்குடி!" அவன் கண்ணாடியைத் தட்டினான்.

அவள் மகளிடம் மட்டும் கேட்டாள். "பெல்ட் போட்டியா?"