உட்கார்ந்துவிட்ட கூட்டம்

இன்று மாலை, பேச்சுப் பயிற்சி வகுப்பில் என் உரைக்குத் தேர்வு. தேறினால்தான் எங்கள் துணிக்கடைப் பெண்கள் சார்பில் முதலாளியிடம் நான் பேச முடியும். வேலை நேரத்தில் உட்காரும் உரிமைதான் எங்கள் கோரிக்கை.

கேட்பதற்கு ஆட்கள் கிடையாது. சுவர்த் திரை முழுக்க, கணினி உருவாக்கிய ஒரு செயற்கைக் கூட்டம் நிற்கும். அதன் கைதட்டல்தான் மதிப்பெண். முதலில் வலி, பிறகு நியாயம், கடைசியில் கோரிக்கை என்று கற்றுக்கொடுத்த வரிசையிலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

பேசி முடித்ததும் கூட்டம் மொத்தமாகத் தரையில் உட்கார்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

"தட்டுங்கப்பா!" என்று ஆசிரியர் ஞானசீலன் கெஞ்சினார்.

"எத்தனை வருஷமா நிக்கிறோம்! நாற்காலி போடுங்க சார், தட்டுறோம்," என்றது முன்வரிசை.

அவர் என் பக்கம் திரும்பினார். "கைதட்டல் பூஜ்யம்மா. இவங்களை எந்திரிக்கச் சொல்லி ஒண்ணு பேசு, பாஸ் போடுறேன்."

"பேசாதடி!" என்றார் என்னோடு கடையில் வேலை செய்யும், துணைக்கு வந்திருந்த மும்தாஜ் அக்கா.

உட்கார்ந்தவர்களை எழுப்ப எனக்கும் மனமில்லை. கூட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் வந்து உட்கார்ந்தார்.

ஞானசீலன் சார் மட்டும் வெகுநேரம் நின்றார். பிறகு, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றபடி தானும் தரையில் உட்கார்ந்து, என் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று போட்டார்.