இடது கட்டைவிரல்

ராயபுரத்தில் மாலை மழை. வக்கீல் தேவப்பிரியத்தின் அறையில் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஒரு காலத்தில் கம்பெனிகளுக்காக வாதாடி, ‘தொழிலாளியின் கவனக்குறைவுதான்’ என்று சொல்லிச் சொல்லியே ஜெயித்தவர். இப்போது அடிபட்டவர்களின் வழக்கு மட்டும்தான் எடுக்கிறார். எதிரே, துறைமுகக் கிரேனில் இடது கையை இழந்த கிருஷ்ணப்பன். வக்காலத்தை அவன் முன் வைத்து, மைப்பெட்டியைத் திறந்து, பழக்கதோஷத்தில் “இடது கட்டைவிரல வையப்பா” என்கிறார். கிருஷ்ணப்பனின் தோளும் பழக்கதோஷத்தில் முன்னால் வருகிறது. வெறும் சட்டைக்கை மைப்பெட்டியில் விழுந்து, அதன் நுனியில் ஊதா ஏறுகிறது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “கைய மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பொதைச்சிட்டாங்க சார். ஆனா மழ பேஞ்சா வெரல்லாம் ஜில்லுனு கீது.” வக்கீல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறார். “இங்க இல்ல சார்,” என்கிறான் கிருஷ்ணப்பன். “அங்கதான் நனையுது.”