பார்க்கச் சகிக்காத கிரவுன்

"பாத்தவன் மூஞ்சியைத் திருப்பிக்கணும் தம்பி. அந்த அளவுக்கு அசிங்கமா இருக்கணும்" என்றார் விநாயகமூர்த்தி.

தனசேகரன் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார். எதிரே முத்து வெள்ளையில் ஒரு டொயோட்டா கிரவுன். ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய நாளில் இருந்தது போலவே, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் தனசேகரனின் கார் அலங்காரக் கடை. பலகையில் 'கோ தின் வின்' என்று பர்மியப் பெயர்தான் இருக்கும். ரங்கூன் தமிழர் பலரைப் போல அவருக்கும் இரண்டு பெயர். அந்தப் பலகையை நம்பித்தான் விநாயகமூர்த்தி ஊரைச் சுற்றி இங்கே வந்திருந்தார்.

தெரிந்த தமிழர் கடையில் இந்த வேலையைக் கொடுத்தால் கோயில் வரைக்கும் சேதி போய்விடும். ஆனால் நெற்றி விபூதியைப் பார்த்ததுமே, "வாங்கண்ணே" என்று தமிழில் கூப்பிட்டுவிட்டார் கடைக்காரர்.

"என்னென்ன போடணும்?"

"பின்னாடி பெரிய இறக்கை. ஜன்னலைச் சுத்தித் தங்கக் கலர் பட்டை. அடியில வயலட் லைட்டு. பானெட்டுல தீ எரியிற மாதிரி ஸ்டிக்கர்."

தனசேகரனுக்கு அலுப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. கல்யாணம் ஆகாத பையன்கள் ஹோண்டா ஃபிட்டைக் கொண்டுவந்து ராக்கெட் ஆக்கச் சொல்வார்கள்; ஆக்கிக் கொடுத்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொள்வார். அறுபது வயது மனிதர் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"ராஜா மாதிரி வண்டிண்ணே இது. ரெண்டு விரக்கடை உயரத்தைக் குறைச்சு, நல்ல வீலா நாலு மாட்டுறேன். அதுக்கு மேல ஒரு ஸ்டிக்கர்கூட வேண்டாம்."

"போடுங்கன்னா போடுங்க."

"மாட்டேன். புது வண்டியே வராத காலத்துல இதைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். யாரு, உங்க பையன் கேக்குறானா?"

"எனக்குப் பையனே கிடையாது."

டீக்கடையிலிருந்து லபேயே என்கிற பர்மியப் பால் டீ வந்தது. விநாயகமூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் காரின் மேல் சாய்ந்துகொண்டார். சாய இடம் கிடைத்ததே போதும் என்பது போலிருந்தது அவர் முகம்.

"ஒன்பது வருசம் தம்பி. எங்க பேட்டையில எந்தக் கல்யாணம்னாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த வண்டிதான். சாவியை இன்னொருத்தன்கிட்ட குடுக்க மனசு வராது, அதனால டிரைவரும் நான்தான்."

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"இருக்கிறதே நாலு தமிழ்க் குடும்பம். கல்யாண வீட்டுக்காரன் தட்டோட வந்து நிக்கிறப்போ, முடியாதுங்கிற வார்த்தை எனக்கு வாயில வராது." குரல் இறங்கியது. "என் சம்சாரம் நீலாம்பாள் இந்த முன் சீட்டுல உக்காந்து பெகு வரைக்கும்கூட போனதில்ல. தை பதினாலு அங்க அவ தங்கச்சி புது வீட்டுல பால் காய்ச்சுறா. இந்தத் தடவையும் கூட்டிட்டுப் போகலைன்னா இனிமே கேக்கவே மாட்டேன்னுட்டா."

"கோவமா?"

"கோவமா இருந்தா பரவாயில்லயே. ரொம்ப சாதாரணமா சொன்னா. அதான் தாங்க முடியல. வண்டி சகிக்காம இருந்தா எவன் வந்து கேப்பான், சொல்லுங்க?"

தனசேகரன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பெகு ரெண்டு மணி நேரந்தானே? காலையில பால் காய்ச்சி முடிஞ்சா மத்தியானமே திரும்பிடலாம், இல்லண்ணே?"

"திரும்பலாம்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன். சாவியக் குடுங்க. மூணு நாள் கழிச்சு வாங்க."

மூன்றாம் நாள் வந்த விநாயகமூர்த்திக்குப் பகீரென்றது. கேட்டது ஒரு இறக்கை. இரண்டு அடுக்கில் வைத்திருந்தார் தனசேகரன். தங்கப் பட்டை கைப்பிடி வரைக்கும் ஓடியது. அடியில் வயலட்டோடு பச்சையும் மாறி மாறி எரிந்தது.

கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த வண்டியை இப்படிப் பார்க்க அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் ஒன்பது வருட பாரம் இறங்கிவிட்டது. இதை எவனும் தொடமாட்டான். அங்கேயே நின்று நீலாம்பாளுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு நாளைக்குத் துணி எடுத்து வை. பெகுவுல தங்கிட்டே வரலாம்."

மறுமுனையில் "நிசமாவா?" என்று நீலாம்பாள் கேட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் திரும்பினார். "சொன்னதுக்கு மேலயே செஞ்சிட்டீங்க தம்பி. மனசு நெறஞ்சுபோச்சு. கூலி எவ்வளவு?"

"உங்ககிட்ட கூலி வாங்குவேனா?" என்ற தனசேகரன் கையைக் கழுவித் துடைத்தார். உள்ளே போய் ஒரு வெற்றிலைத் தட்டோடு வந்து, அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தை பதினாலு சாயங்காலம் என் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்புண்ணே, அவரு கேட்டது இதே மாதிரி வண்டிதான்."