மேப்பில் நிற்கும் கோபுரம்

"இல்லைன்னா இல்லை, மாப்ளே! அந்தத் தாளை மடிச்சு வைங்கன்னா—"

"இருக்குன்னு அச்சடிச்சிருக்கு, அத்தே! இந்தா பாருங்க, முக்கோணம், நடுவுல புள்ளி—"

"முக்கோணம் வந்து பிரசவம் பார்க்குமா?"

யாப்கோ பல்லைக் கடித்துக்கொண்டு, மரச் சறுக்கு வண்டியில் பூட்டிய பனிமான்களை விரட்டினான். கூடாரத்தில் மற்றப் பெண்களிடம் விட்டுவந்த அவன் மனைவி ஹத்னே நேற்றிலிருந்து துடிக்கிறாள்; பிள்ளை குறுக்கே கிடக்கிறது. பனிப்புயலில் பிறந்ததால் ஹத்னே என்று பெயர் வாங்கியவள், வலியில் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயம்.

வானொலியில் கெஞ்சியதில் ஹெலிகாப்டர் அனுப்பச் சம்மதித்தார்கள். ஆனால் மான்களோடு ஊர்ந்துகொண்டே இருக்கும் கூடாரம் எந்த மேப்பில் இருக்கும்? யூரிபெய் ஆற்று வளைவில் சர்வேக்காரர்கள் நட்ட மரக் கோபுரத்தடியில் நில், உன்னை ஏற்றிக்கொண்டு வழி கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

விமானியிடம் இருந்த அதே நாற்பத்தொன்பதாம் வருடத்து மேப் யாப்கோவிடமும் இருந்தது. போன கோடையில் யாரோ மறந்துவிட்டுப் போனதைத் தேயிலை டப்பாவில் ஒளித்து வைத்திருந்தான். மகள் பிரசவத்துக்கென்று வந்த மாமியார் சவானேக்குப் பாதி வழியில்தான் கோபுர விஷயமே தெரியவந்தது. அப்போது ஆரம்பித்த சண்டை இது.

"மூணு ஆள் உசரம், அத்தே! நாலு முழு மரம், காட்டுலேர்ந்து இழுத்துட்டு வந்து நட்டது. அரசாங்கச் சொத்து. ஒரு ஆணியப் புடுங்கினாலே ஜெயிலு. எவன் தொடுவான்?"

சவானே வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான் அவன்.

விரல் தண்டி மரம்கூட முளைக்காத வெளி. ஜூன் மாதம்; அங்கங்கே பனித் திட்டு, மற்றதெல்லாம் பழுப்புப் பாசி. ஆற்று வளைவு வந்தது. கோபுரம் வரவில்லை.

தெற்கே சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர் வந்தது, வளைவை ஒரு சுற்றுச் சுற்றியது. பழுப்பு நிலத்தில் பழுப்பு மான்கள், மேலிருந்து என்ன தெரியும்? யாப்கோ தொண்டை கிழியக் கத்தினான், தொப்பியைக் கழற்றி வீசினான். அது பாட்டுக்கு வடக்கே போனது.

"வண்டிய எரிங்க," என்றாள் சவானே.

"என்னது? புது வண்டி அத்தே! அப்புறம் எப்படித் திரும்பிப் போறது?"

"வெறுங்கையோட போய் என்ன செய்வீங்க? பக்கத்துல உக்காந்து மேப் படிச்சுக் காட்டுவீங்களா?"

அவன் மான்களை அவிழ்த்து ஓரமாக ஓட்டிவிட்டு வருவதற்குள் அவள் வண்டியைக் கவிழ்த்து, கோடரியால் பிளந்து, மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தாள். தீ பிடித்ததும் ஈரப் பாசியை வாரி வாரிப் போட்டாள். வெள்ளைப் புகை தூணாக எழும்பியது.

தேய்ந்துகொண்டிருந்த சத்தம் நின்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு மெல்ல வளர்ந்தது.

விமானி மேப்பை ஆட்டிக்கொண்டே இறங்கினான். "கோபுரம் எங்கேய்யா? தேடித் தேடிப் பாதி எரிபொருள் காலி!" அவன் கண் எரிகிற கட்டைகள் மேல் விழுந்தது. "ஓஹோ! அதைப் பிரிச்சுத்தான் துரை வண்டி செஞ்சீங்களா? பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

"சத்தியமா நான் இல்லீங்க, நான் கண்ணாலகூடப் பார்த்தது…"

ஹெலிகாப்டர் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்ட சவானே திரும்பினாள்.

"என் பேரை எழுதிக்குங்க, தம்பி. இவர் பொண்டாட்டிய நான் பெத்தப்ப, குளிருக்கு அதைத்தான் எரிச்சேன்."