சுடாத துப்பாக்கி

“ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. சிலிண்டரை மாத்திக் குடுங்க!”

வளர்மதி கத்துவது இது மூணாவது தடவை. அடுப்பில் குழம்பு பாதி வெந்து நின்றது.

“ரெண்டே நிமிஷம்,” என்றான் ரஞ்சித்குமார். காதில் ஹெட்போன். கண் கம்ப்யூட்டரில்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாசமாக இதே கூத்து. ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாகத் துப்பாக்கி விளையாட்டு. அஞ்சு வயசுப் பெண்ணுக்கு அப்பன்!

சரி, சுட்டுத் தொலைத்தாலும் பரவாயில்லை. சுடுவதே கிடையாது. திரையில் துப்பாக்கி முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஐயா மலைப்பாதையில் காற்று வாங்கிக்கொண்டு போவார். கூடவே இன்னொருத்தன்.

“பாலத்துல ஏறு மச்சான். பலகை கிரீச்சுங்குது பாரு. மெதுவா வா, அவசரமில்ல. இப்ப மழை வரும், அந்தக் கொட்டாய்ல ஒதுங்கிக்கலாம்,” என்று அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான் ரஞ்சித்குமார்.

பெரம்பலூரே புழுக்கத்தில் வெந்துகொண்டிருக்கிறது. இவருக்கு மழையாம்!

“கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு? ஆளே இல்லாத ஊருல துப்பாக்கியத் தூக்கிட்டு என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?”

“சண்டைக்கு ஆளு வராத மாதிரி வெச்சிருக்கோம். அப்பதான் நின்னு பாக்க முடியும். எப்படி செஞ்சிருக்கான் தெரியுமா இந்த ஊரை? மண்ணுல நடந்தா ஒரு சத்தம், கூழாங்கல்லுல நடந்தா வேற சத்தம்...”

“சமையக்கட்டுல நடந்தா என்ன சத்தம் வரும்னு வந்து பாருங்க!”

சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த வெட்டிப்பயலுக்கும் நாலு வார்த்தை விடலாம் என்று வளர்மதி ஹெட்போனை எடுத்து மாட்டினாள். வாயைத் திறப்பதற்குள் குரல் வந்தது.

“மாமா, ஆத்துல இறங்குவமா? அந்தக் கல்லுச் சத்தம் கேட்டா கால்ல என்னமோ ஊர்ற மாதிரி இருக்கு மாமா. நெசமாவே நடக்கறாப்ல இருக்கு.”

அவளுக்குத் தெரிந்த குரல்.

கொளஞ்சி. அவள் கூடப்பிறந்த தம்பி. மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவில்லை என்று ரெண்டு வருஷமாக அவள் பேச்சை அறுத்துவிட்ட தம்பி. போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போய், வரதராஜன்பேட்டையில் கட்டிலோடு கிடக்கிறான் என்று தெரிந்தும் அவள் எட்டிப் பார்க்காத தம்பி.

சிலிண்டரை மாட்டிவிட்டு வந்த ரஞ்சித்குமார் வாசலிலேயே நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“அவன் வூட்டுப் படியை மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின. நான் மிதிக்கல வளரு.”



“மாமா, ஏன் நின்னுட்டீங்க? லைன்ல இருக்கீங்களா?” என்றது காதில் குரல்.

வளர்மதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள்:

“நடக்கறதுக்கு எந்த பட்டனை அமுக்கணும்?”